ஸ்கோப் மாட்டிய பிறகு ஏர் ரைஃபிள் குறி சிதறுகிறது, எங்கே பார்ப்பது?

தோப்புக்காரன்

வணக்கம். இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்டிலிருந்து கொஞ்ச தூரம். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதன் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. மேட்டுக்கு முன்னால் அட்டைப்பெட்டி வைத்து, பேப்பர் ஒட்டி அடிப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. துப்பாக்கி நம் நாட்டுத் தயாரிப்பு, பேரலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் வகை, .177 (குழாய் விட்டம், அங்குலத்தில்). எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள், அதைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

வாங்கிய புதிதில் அதோடு வந்த ஓப்பன் சைட்டில் (லென்ஸ் இல்லாத வெறும் குறி) 10 மீட்டரில் அடித்தால் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஆசை விடவில்லை. 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்) ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். அதிலிருந்து ஆரம்பித்தது தலைவலி. முதல் நாலைந்து குண்டு ஒன்றாக விழும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். டரட்டை (ஸ்கோப்பில் குறியை நகர்த்துகிற குமிழ்) திருகிச் சரி செய்தால் அன்றைக்குச் சரியாக இருக்கும், அடுத்த வாரம் எடுத்தால் வேறெங்கோ போகும். 20 மீட்டரில் கேட்கவே வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. மேல்கீழ் டரட்டை மேலே ஏற்றி ஏற்றி இப்போது கிட்டத்தட்ட கடைசிக்கே வந்துவிட்டது.

செங்கல் இரண்டு அடுக்கி, மேலே மணல் பை போட்டு, அதில் வைத்துத்தான் அடிக்கிறேன், அதனால் கை ஆட்டம் இருக்க வாய்ப்பில்லை. பெல்லட் (ஈயக் குண்டு) கோயம்புத்தூரில் கிடைத்த கூர்முனை வகை. கடைக்காரர் ஸ்பிரிங் போய்விட்டது, மாற்றணும் என்கிறார். சித்தப்பா மகன் ஸ்கோப்பே டூப்ளிகேட் என்கிறான். இரண்டுக்கும் காசு போடுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பழைய பேரல்

தம்பி, முதலில் டரட்டிலிருந்து கையை எடுங்கள். எங்கே கோளாறு என்று தெரியாமல் அதைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

ஓப்பன் சைட் இன்னும் துப்பாக்கியில் இருக்கிறதா? இருந்தால் ஸ்கோப்பை, அதைத் துப்பாக்கியில் பிடித்திருக்கிற மவுண்டோடு கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழையபடி 10 மீட்டரில் ஒரே தாளில் பத்து குண்டு அடியுங்கள். மூன்று குண்டு போதாது, மூன்று யாருக்கும் ஒன்றாக விழும். பத்தும் பழைய மாதிரி நாணயத்துக்குள் விழுந்தால் ஸ்பிரிங்கும் பேரலும் நன்றாக இருக்கின்றன, கடைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடலாம். அதுவும் சிதறினால் கோளாறு துப்பாக்கியில்தான், அதற்கு வேறு வழி பார்ப்போம்.

ஆனால் எனக்கென்னவோ மவுண்ட் மேல்தான் சந்தேகம். நீங்கள் சொல்கிற அடையாளம் அப்படி. ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை மற்றத் துப்பாக்கி மாதிரி ஒரு பக்கம் மட்டும் வராது. டிரிக்கரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது அதே துப்பாக்கி சட்டென்று முன்னால் எகிறுகிறது. கீழே இருக்கிற துப்பாக்கி முன்னால் குதிக்க, மேலே இருக்கிற ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒவ்வொரு குண்டுக்கும் மவுண்ட் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகரும். கண்ணுக்குத் தெரியாது, தாளில் தெரியும். முதல் நாலைந்து ஒன்றாக விழுந்து அப்புறம் இடம் மாறுகிறது என்றீர்களே, அது இதுதான்.

ரயிலில், அதாவது துப்பாக்கியின் மேலே மவுண்ட் மாட்டுகிற நீளத் தடத்தில், மவுண்ட் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு முன்னால் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரயிலின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். மவுண்டின் அடியில் ஒரு சின்ன ஊசித் திருகு இருக்கும், அதை அலன் கீயால் கீழே இறக்கினால் அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மவுண்ட் பின்னால் நகர முடியாது. பலர் அந்தத் திருகு எதற்கென்று தெரியாமல் மேலேயே விட்டுவிடுகிறார்கள். ஊசித் திருகே இல்லாத மவுண்ட் என்றால் 11 மில்லிமீட்டர் ரயிலுக்கான, நிறுத்தூசி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்டாக வாங்குங்கள். இரண்டு தனித்தனி வளையம் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு வேண்டாம் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அடுத்தது துப்பாக்கித் திருகுகள். கட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிரிக்கர் கார்டுக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ. ஸ்பிரிங் அதிர்ச்சியில் இவை தளர்ந்துகொண்டே இருக்கும். இறுக்கிவிட்டு, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற வராது. பேரல் மடங்குகிற இடத்தில் போல்ட் இருக்கும், பேரலைப் பூட்டிய நிலையில் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், துளிகூட ஆடக்கூடாது.

டரட் கடைசிக்கே போனதைப் பற்றி: மடக்குப் பேரல் துப்பாக்கி பலவற்றில் பேரல் கொஞ்சம் தலை குனிந்துதான் இருக்கும். ஓப்பன் சைட்டின் முன்பக்கக் குறி பேரலின் மேலேயே இருப்பதால் அதில் தெரியாது, ஸ்கோப் மாட்டினால் குண்டு கீழே கீழே விழும். நீங்களும் டரட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள். முழுக்க ஏற்றிவிட்டால் ஸ்கோப்புக்குள் இருக்கிற ஸ்பிரிங்குக்கு அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கிற குழாய் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ஒவ்வொரு இடத்தில் போய் நிற்கும். ஸ்கோப் நல்லதாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். டரட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பின் வளையத்தின் அடியில் பழைய கேமரா ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி வைத்து மாட்டுங்கள்.

---

பத்து மீட்டர்

பழைய பேரல் அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அந்தச் செங்கலில் இருக்கிறது.

நான் கிளப்பில் 10 மீட்டர் அடிக்கிறவன். எங்கள் ரைஃபிளில் ஸ்கோப்பே கிடையாது, சின்னத் துளை வழியே பார்க்கிற பீப் சைட்தான். தாளின் நடுவில் இருக்கிற பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அந்தத் துப்பாக்கி காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடுவது, உதையே தெரியாது, கெட்டியாகப் பிடித்தாலும் குறி மாறாது. அதில் பழகிவிட்டு நண்பனுடைய ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்தபோது தாள் முழுக்கப் பொத்தல். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் பேரலை விட்டு வெளியே போவதற்கு முன்பே உதை ஆரம்பித்துவிடுகிறது. அதனால் எங்கே தாங்குகிறீர்கள், எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லையென்றால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகாது. மணல் பையில் துப்பாக்கியை நேராக வைத்தால், அதுவும் அடியில் செங்கல் இருந்தால், துள்ளிக்கொண்டு போகும்.

பை இருக்கட்டும், அதன் மேல் உங்கள் இடது கையை வையுங்கள், உள்ளங்கையைத் திறந்து அதில் துப்பாக்கி சும்மா உட்காரட்டும். விரலை மடக்கிப் பிடிக்க வேண்டாம். தோளில் அழுத்த வேண்டாம், கன்னத்தைப் போட்டு அமுக்க வேண்டாம். எப்படிக் குதிக்கணுமோ அப்படிக் குதிக்க விட்டுவிடணும். கை வைக்கிற இடத்தைக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் முன்னே பின்னே வைத்தால் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழுகிற இடம்) எப்படி மாறுகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

அப்புறம் பெல்லட். கூர்முனையை முதலில் தூக்கிப் போடுங்கள். பார்க்கத்தான் அழகு, முனை ஒரே சீராக வார்க்கப்படுவது கஷ்டம். உருண்டைத் தலை வகையில் இரண்டு மூன்று தினுசு வாங்கிப் பாருங்கள். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன் (பெல்லட்டின் எடை அளவு), எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் ட்ரோஃபி 8.64 கிரெய்ன், கூடவே நம் ஊர் பெல்லட் ஒன்று. எந்த பேரலுக்கு எது பிடிக்கும் என்பதை அடித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, விலை கூடினது ஜெயிக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தினுசு மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரல் புதுசுக்குப் பழகட்டும். வேகம் ஆயிரம் அடி என்று விளம்பரம் போட்ட லேசான உலோகப் பெல்லட்டும் வேண்டாம், ஒலி வேகத்தை ஒட்டிப் போகிற பெல்லட் தள்ளாடும்.

---

மலையோரம்

இத்தனை எழுதியிருக்கிறீர்கள், யாரும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லையே? பேரல் பக்கத் துளையில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள், சத்தமும் வேகமும் கூடும். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

---

பழைய பேரல்

வேண்டவே வேண்டாம். சத்தம் கூடுவது எண்ணெய் உள்ளே பற்றி எரிவதால். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டில் டீசல் என்ஜின் மாதிரி வெடிக்கிறது, பேரல் வாயிலிருந்து புகையும் வரும். ஒரு குண்டு பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் போனால் குரூப் எங்கிருந்து வரும்? சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். புதுத் துப்பாக்கியிலேயே கம்பெனி எண்ணெய் மிச்சம் இருந்து கொஞ்ச நாள் இப்படிப் புகையும், அது அடங்கிய பிறகுதான் ஸ்கோப்பைச் சரி செய்ய உட்காரணும். கோபித்துக்கொள்ளாதீர்கள் மலையோரம், அப்பாவின் துப்பாக்கியில் தோல் சீல் இருந்திருக்கும், அதற்கு எண்ணெய் வேண்டும். இப்போது வருவது பெரும்பாலும் சிந்தெடிக் சீல்.

---

தோப்புக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. ஸ்கோப்பைக் கழற்றி ஓப்பன் சைட்டில் அடித்தேன், பழைய மாதிரியே நாணயத்துக்குள். ஸ்பிரிங் தப்பித்தது.

ரயிலில் தடம் இருக்கிறது அண்ணா, நீங்கள் சொன்ன அதே இடத்தில், அரை விரல் நீளத்துக்குப் பளபளவென்று. மவுண்டின் அடியில் ஊசித் திருகும் இருக்கிறது, உள்ளேயே சுருண்டு கிடந்தது. ரயிலில் துளையும் உண்டு. கட்டையின் வலது பக்கத் திருகு கையாலேயே சுற்றுகிற அளவுக்கு லூஸ். எல்லாவற்றையும் சரி செய்து, ஃபிலிம் கிடைக்காததால் பழைய எக்ஸ்ரேயில் ஒரு பட்டை வெட்டிப் பின் வளையத்தில் வைத்து மாட்டியாகிவிட்டது. டரட் இப்போது நடுவுக்குப் பக்கத்தில்.

10 மீட்டரில் அருமை. ஆனால் 20 மீட்டரில் எல்லாம் மையத்துக்கு மேலே இரண்டு விரல் தள்ளி விழுகிறது. தூரம் கூடினால் கீழேதானே விழணும்? அதோடு 20 மீட்டரில் இன்னும் கொஞ்சம் சிதறல் இருக்கிறது, இடவலமாக. 9 மடங்கில் வைத்தால் 10 மீட்டரில் தாளே மங்கலாகத் தெரிகிறது, அது ஸ்கோப் கோளாறா?

---

கம்பம்மெட்டு

மேலே விழுவது கோளாறு இல்லை, கணக்கு. ஸ்கோப்பின் கண் பேரலுக்கு மேலே நாலு நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டரிலேயே குண்டும் பார்வைக் கோடும் சந்திக்கும்படி நீங்கள் வைத்தால், குண்டு கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்து அந்த இடத்தில் கோட்டைக் கடக்கிறது. ஏறுகிற வேகம் அங்கேயே நின்றுவிடாது, 20 மீட்டரில் கோட்டுக்கு மேலே இரண்டு இரண்டரை சென்டிமீட்டரில்தான் இருக்கும். 20 மீட்டருக்கே சரி செய்துவிடுங்கள், அப்போது 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே விழும், அதைப் பழகிக்கொள்ளலாம்.

திருப்பும்போது கிளிக் கணக்கைப் பாருங்கள். டரட்டில் கால் எம்ஓஏ (கோண அளவு) என்று போட்டிருந்தால் அது 100 கஜத்துக்குக் கால் அங்குலம். 20 மீட்டரில் ஒரு கிளிக் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று சென்டிமீட்டர் இறக்க இருபது கிளிக் வேண்டும். பலர் நாலு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள்.

மங்கலும் இடவலச் சிதறலும் ஒரே இடத்திலிருந்து வரலாம். 3-9×40 என்று மலிவாக வருகிற ஸ்கோப் பெரும்பாலும் பெரிய ரைஃபிளுக்காகச் செய்தது, பாரலாக்ஸ் 100 கஜத்துக்கு என்று தொழிற்சாலையிலேயே பூட்டியிருப்பார்கள். கிட்டத்தில் உள்ள தாளும் உள்ளே இருக்கிற குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழாது. துப்பாக்கியைப் பையில் அசையாமல் வைத்துவிட்டு, தொடாமல், கண்ணை மட்டும் இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். கோடு தாளின் மேல் நகர்ந்தால் அதுதான். அப்படி இருந்தால் ஒவ்வொரு தடவை கன்னம் வைக்கும்போதும் கண் வேறு இடத்தில் இருக்கும், நீங்கள் மையத்தைப் பார்த்ததாக நினைத்து ஓரத்தைச் சுடுவீர்கள்.

இதற்குக் காசு செலவில்லாத வழி, மடங்கைக் குறைத்து 4-இல் வைப்பது, கன்னத்தை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பது, ஸ்கோப்பின் ஓரத்தில் தெரிகிற கறுப்பு வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரிக்கரைத் தொடுவது. காசு செலவாகும் வழி, முன்பக்க வளையத்தைத் திருகி 10 கஜத்திலிருந்து ஃபோகஸ் செய்யக்கூடிய, ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப். இப்போதைய ஸ்கோப் ஸ்பிரிங் உதைக்குச் செய்ததில்லை என்றால் இன்றைக்கில்லாவிட்டாலும் ஒரு நாள் உள்ளே கழன்றுவிடும், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் சத்தம் கேட்கும். அது வரைக்கும் அடியுங்கள், என்ன இப்போது.

குறுக்குக் கோடு நேராக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். கோடு சாய்ந்திருந்தால் ஒரு தூரத்தில் சரியாக விழுவது இன்னொரு தூரத்தில் பக்கவாட்டில் போகும்.

---

கஞ்சிக்கோட்டுக் காற்று

ஸ்கோப், மவுண்ட் எல்லாம் சரிங்க. நீங்கள் இருக்கிற ஊரை யாரும் கவனிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்துகொண்டு இடவலமாகச் சிதறுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது! கஞ்சிக்கோட்டில் காற்றாலை சும்மா நட்டு வைத்திருக்கவில்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கே இருந்து தள்ளும், மார்கழி தை மாதத்தில் கிழக்கே இருந்து அடிக்கும். அரை கிராம் ஈயம் அது, 20 மீட்டருக்கு மேல் குறுக்குக் காற்று நன்றாகவே தள்ளிவிடும். தோப்புக்குள் காற்று நேராகவும் வராது, மரத்தில் மோதிச் சுழன்று வரும், ஒரு குண்டுக்கு இடது, அடுத்ததுக்கு வலது. உங்கள் மண்மேடு எந்தத் திசையில் இருக்கிறது? தெற்கு வடக்காக அடித்தால் காற்று முழுசும் குறுக்கேதான். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் அடித்துப் பாருங்கள், ஒரு மரத்தில் நூல் கட்டி அது தொங்குகிற நேரத்தில் மட்டும் டிரிக்கரைத் தொடுங்கள். காற்றடிக்கிற சாயங்காலத்தில் டரட்டைத் திருகினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

ஆனால் காலை என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் தப்பு. சித்தூர் தாலூக்கா தோப்பென்றால் காலையிலும் சாயங்காலத்திலும் கள்ளு இறக்க ஆள் மேலே இருப்பார். மரத்தடியில் சைக்கிளோ குடமோ இருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். மண்மேட்டுக்கு மேலே குண்டு போக வழியே இருக்கக்கூடாது. தகரம், கல், மரத்தண்டு இவற்றில் பட்டால் திரும்பி வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாய், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்காக மயில் தேங்காயைக் கெடுக்கிறது, அணில் கொய்யாவைத் தின்கிறது என்று அந்தப் பக்கம் திருப்பக்கூடாது, 1972 வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு போன் போட்டால் போதும். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். கோயம்புத்தூருக்கும் இங்கேயும் கொண்டு போகும்போது பையில் போட்டு, பில்லோடு கொண்டு போனால் செக்போஸ்டில் கேள்விக்குப் பதில் சொல்ல லேசாக இருக்கும்.

---

தோப்புக்காரன்

மண்மேடு வடக்குப் பக்கம்தான், காற்று முழுக்கக் குறுக்கே. கள்ளு இறக்குகிறவர் எங்களுக்குத் தெரிந்தவர், அவர் இறங்கிப் போன பிறகுதான் எப்போதும் துப்பாக்கி வெளியே வரும்.

கண்ணை ஆட்டிப் பார்த்தேன், குறுக்குக் கோடு தாளில் நன்றாகவே நகர்கிறது, 9-இல் வைத்தால் கறுப்பு வட்டத்தை விட்டே வெளியே போகிறது. 4-இல் வைத்து, கையை விரித்துப் பிடித்து, காற்றில்லாத காலையில் 8.44 கிரெய்ன் உருண்டைத் தலையோடு அடித்ததில் 20 மீட்டரில் பத்தும் தீப்பெட்டி அகலத்துக்குள். கூர்முனைப் பெல்லட்டையும் அதே நேரத்தில் அடித்துப் பார்த்தேன், அது இரண்டு மடங்கு அகலம். பத்து மீட்டர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் மவுண்ட் நகர்ந்துகொண்டிருந்தபோது எந்தப் பெல்லட்டைப் போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒரு கேள்வி மிச்சம். எக்ஸ்ரே பட்டை இரண்டு மடிப்பாக வைத்திருக்கிறேன், டரட் இன்னும் முழு நடுவுக்கு வரவில்லை. மூன்றாவது மடிப்பு வைக்கலாமா?

---

பழைய பேரல்

வைக்காதீர்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கினால் வளையங்களுக்கு நடுவில் ஸ்கோப் குழாய் வளைந்து, உள்ளே இருக்கிற லென்ஸ் இறுகிவிடும். நடுவிலிருந்து ஒன்றிரண்டு சுற்று தள்ளி இருந்தால் ஒன்றும் ஆகாது, கடைசியில் போய் நிற்காமல் இருந்தால் சரி. அதற்கு மேலும் பேரல் குனிந்திருந்தால் அதற்கென்றே பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்ட் கிடைக்கிறது, அடுத்த தடவை அதை வாங்குங்கள்.

வளையத் திருகை இறுக்கும்போது ஒரு பக்கமாக இறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் மவுண்டும் ரயிலும் சேருகிற இடத்தில் நெயில் பாலிஷால் குறுக்கே ஒரு சின்னக் கோடு, கட்டைத் திருகுகளின் தலையிலும் ஒன்று. கோடு விலகியிருந்தால் எது நகர்ந்தது என்று அடிக்காமலே தெரிந்துவிடும்.